அப்பாவின் ஆட்குறைப்புப் பணம்: அட்வைசரிடம் கொடுப்பதா, நாமே பார்த்துக்கொள்வதா?

டோங்காட்_மல்லி

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 53. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் தெற்கில் பார்த்துவந்த தொழிற்சாலை வேலை ஆட்குறைப்பில் போய்விட்டது. முடிவெடுக்க வேண்டிய பணம் இரண்டு இடத்தில் இருக்கிறது. கம்பெனியின் பிராவிடென்ட் ஃபண்டில் 12 லட்சம் ராண்ட். அதில் பெரும்பகுதி 2024 செப்டம்பரில் ஓய்வுநிதி விதி மாறுவதற்கு முந்தைய சேமிப்பு. இது தவிர, வேலை போனதற்குக் கம்பெனி நேரடியாகத் தரும் இழப்பீடு, அதாவது செவரன்ஸ், 2,60,000. அது இன்னும் கைக்கு வரவில்லை.

வீட்டு பாண்டில், அதாவது வீட்டுக் கடனில், 1,40,000 பாக்கி, வட்டி 11%. பாண்டுத் தவணையும் சேர்த்து வீட்டுச் செலவு மாதம் 14,000. அம்மாவின் சம்பளம் 6,000. வேறு கடன் இல்லை. அப்பா வேறு வேலை தேடுகிறார், இந்த வயதில் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியவில்லை.

ஒரு அட்வைசர் வீட்டுக்கு வந்து பேசினார். மரியாதையானவர், அவசரப்படுத்தவும் இல்லை. அவர் சொல்வது: 12 லட்சத்தைத் தன் வழியாக ஒரு பிரிசர்வேஷன் ஃபண்டுக்கு (வேலையை விட்டவரின் ஓய்வுப் பணத்தைத் தொடர்ந்து வைத்திருக்கும் நிதி) மாற்றி நான்கு யூனிட் டிரஸ்ட்களில் (மியூச்சுவல் ஃபண்டுகள்) பிரித்துப் போடலாம், செவரன்ஸை ஐந்தாண்டு எண்டோமென்ட் பாலிசியில் போடலாம். கட்டணம் தொடக்கத்தில் 2%, பிறகு ஆண்டுதோறும் அவருக்கு 1%, முதலீட்டை நிர்வகிக்கும் இணையத் தளத்துக்கு 0.45%. இவை எல்லாவற்றுக்கும் வாட் தனி. ஃபண்டுகளின் சொந்தக் கட்டணம் சராசரி 1.3%.

அப்பாவுக்கு ஒருவர் பொறுப்பேற்றால் நிம்மதி. அம்மா முதலில் பாண்டை அடைக்கச் சொல்கிறார். எனக்கோ, இதை நாமே இடிஎஃபில் (சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் மலிவான ஃபண்டு) போட்டால் என்ன என்று தோன்றுகிறது. எக்செல் நன்றாக வரும், முதலீட்டு அனுபவம் கிடையாது. எதை நாமே செய்யலாம், எதற்கு ஆள் வேண்டும்?

லெனேசியா_கணக்கர்

மல்லி, எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டது நல்லது. உங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னாலும் மூன்றிலும் விஷயம் இருக்கிறது. அட்வைசரா நாமா என்று மொத்தப் பணத்துக்கும் ஒரே பதில் தேடுவதுதான் குழப்பம். ஒவ்வொரு முடிவையும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். கீழே உள்ள எண்கள் 2025/26 வரி ஆண்டுக்கானவை.

முதலில் வரி, ஏனென்றால் இங்கே தவறினால் திருத்துவது கடினம். செவரன்ஸுக்கு கம்பெனி வரித்துறையான சார்ஸிடம் டாக்ஸ் டைரக்டிவ், அதாவது எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்ற உத்தரவு, கேட்கும். அந்த விண்ணப்பத்தில் காரணம் ஆட்குறைப்பு என்று இருக்க வேண்டும், ராஜினாமா என்று இருக்கக் கூடாது. ஆட்குறைப்பு என்றால் ஓய்வுக்கால அட்டவணைதான் பொருந்தும்: முதல் 5,50,000 வரை வரி இல்லை. அப்பாவின் 2,60,000 முழுதாகக் கைக்கு வரும். ஃபண்டிலிருந்து ரொக்கம் எடுப்பதற்கும் இதே விதிதான். ஒரு பேச்சுக்கு 12 லட்சத்தையும் எடுக்க முடிகிறது, வேறு மொத்தத் தொகை எதுவும் வாங்கியதில்லை என்று வையுங்கள். ஆட்குறைப்பு என்று பதிவானால் வரி 1,59,750. ராஜினாமா என்று பதிவானால் 2,63,700. ஒரு கட்டத்தில் போடும் குறியில் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். எச்.ஆர். அலுவலகத்தில் பழக்கதோஷத்தில் ராஜினாமா என்று குறிப்பது உண்டு. டைரக்டிவ் போகும் முன் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த 5,50,000 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுவது அல்ல, ஆயுளுக்கே ஒன்றுதான். 2009 மார்ச்சுக்குப் பிறகு ஏதாவது பழைய ஃபண்டிலிருந்து அப்பா மொத்தமாக எடுத்திருந்தால் அதையும் சார்ஸ் கூட்டிக்கொள்ளும். இப்போது 2,60,000 செலவானால் ஓய்வு பெறும்போது மிஞ்சுவது 2,90,000.

அடுத்து 12 லட்சம். அதை எடுக்க வேண்டாம் என்பதில் அட்வைசர் சரி. ஆனால் அவர் சொல்லாத ஒரு வழி இருக்கிறது: பணம் இருக்கும் ஃபண்டிலேயே இருக்கட்டும். 2019 மார்ச்சிலிருந்து நடைமுறையில் உள்ள விதிப்படி, வேலையை விட்டவர் எழுத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை என்றால் ஃபண்டு அவரைப் பெய்ட்-அப் உறுப்பினராக வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாகச் சந்தா கட்ட வேண்டாம், பணம் முன்போலவே முதலீட்டில் இருக்கும். பெரிய கம்பெனி ஃபண்டுகள் மொத்த விலையில் வாங்குபவை. அவற்றின் மொத்தச் செலவு பல சமயம் தனி ஆள் சில்லறையில் வாங்குவதைவிடக் குறைவு. ஆலோசகருக்கு இதில் ஒரு சென்ட் கூட வராது, அதனால் பேச்சில் இந்த வழி பெரும்பாலும் தலைகாட்டாது. பணத்தை எடுக்கவோ மாற்றவோ முன் ஃபண்டே தர வேண்டிய ஓய்வுப்பலன் ஆலோசனை ஒன்றும் உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். அங்கே கேட்க வேண்டியது: பெய்ட்-அப் உறுப்பினருக்கு ஆண்டுச் செலவு எத்தனை சதவீதம், மாதம் நிலையான கட்டணம் எத்தனை ராண்ட், பின்னால் மாற்ற நினைத்தால் அபராதம் உண்டா.

இப்போது அவர் கேட்கும் கட்டணத்தைக் கூட்டுவோம். 1% வாட்டோடு 1.15. தளம் 0.45 வாட்டோடு 0.52. ஃபண்டு 1.3. மொத்தம் ஆண்டுக்கு 2.97%. 12 லட்சத்தில் முதல் ஆண்டே சுமார் 35,600 ராண்ட். அதற்கு முன் தொடக்கக் கட்டணம் 2.3%, அதாவது 27,600, முதலிலேயே கழிந்துவிடும். செலவுக்கு முன், விலைவாசி உயர்வைத் தாண்டி ஆண்டுக்கு 5% வளர்கிறது என்று வைத்து, 65 வயதுவரை 12 ஆண்டு ஓட்டிப் பாருங்கள். அவர் வழியில் இன்றைய மதிப்பில் 14.9 லட்சம். மொத்தச் செலவு 0.8% ஆன குறியீட்டு பேலன்ஸ்ட் ஃபண்டில் (பங்கும் கடன்பத்திரமும் கலந்து, சந்தைக் குறியீட்டைப் பின்பற்றுவது) 19.7 லட்சம். 5% என்பது என் அனுமானம்தான். நீங்கள் 4 என்று போடுங்கள், 6 என்று போடுங்கள், இடைவெளி பெரிதாகவே நிற்கும். எக்செல் வரும் என்றீர்களே, இன்றிரவே போட்டுப் பார்க்கலாம்.

இந்தக் கூட்டலை அவரையே எழுதித் தரச் சொல்லவும் முடியும். இஏசி என்ற ஒரே மாதிரியான செலவு அட்டவணை இங்கே பெரும்பாலான நிறுவனங்களில் உண்டு. முதலீட்டு மேலாண்மை, ஆலோசனை, நிர்வாகம், மற்றவை என நான்கு வரி. 1, 3, 5, 10 ஆண்டு என்று நெடுவரிசைகள். ஓராண்டு நெடுவரிசை பயமுறுத்தும், ஏனென்றால் தொடக்கக் கட்டணம் முழுதும் அதில் விழும். உங்களுக்கு வேண்டியது 10 ஆண்டு நெடுவரிசை. ‘மற்றவை’ என்ற வரியில் எண் இருந்தால் அது என்ன என்று கேட்காமல் விடாதீர்கள். முன்கூட்டி வெளியேறினால் வெட்டும் அபராதம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எண்டோமென்ட் வேண்டவே வேண்டாம். பாலிசிக்குள் வரும் வருமானத்துக்கு நிறுவனம் 30% வரி கட்டிவிடும். சொந்த வரி விகிதம் 30%-ஐத் தாண்டுபவருக்கு, அதாவது ஆண்டு வருமானம் 3,70,500-க்கு மேல் உள்ளவருக்கு, அதில் லாபம் இருக்கலாம். அப்பாவுக்கு வரும் ஆண்டில் வருமானமே 95,750-ஐத் தொடுமா என்று தெரியாது. தொடாவிட்டால் அவருக்கு வரி பூஜ்யம். பூஜ்யம் கட்ட வேண்டியவர் 30% கட்டும் பெட்டிக்குள் ஏன் போக வேண்டும்? அதோடு ஐந்தாண்டு பூட்டு. இடையில் ஒரே ஒரு முறைதான் எடுக்கலாம், அதுவும் வரம்போடு. வேலை இல்லாத வீட்டுக்கு இதைப் பரிந்துரைத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

மெரிபேங்க்_அக்கா

கணக்கர் அண்ணா சொன்ன கணக்கு எல்லாம் சரி. ஆனா அம்மா சொன்னதை அவர் தொடவே இல்லையே!

மல்லி, உங்க அம்மா சொல்றதுதான் முதல் வேலை. 1,40,000 பாண்டுக்கு 11% வட்டின்னா வருஷம் சுமார் 15,400. அதே பணத்தை வங்கியில 8%-க்குப் போட்டா 11,200. வட்டி வருமானத்துல 23,800 வரைக்கும் வரி இல்லைன்னு வச்சாலும் பாண்டை அடைக்கிறதுதான் லாபம். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் இந்த 11% உறுதி. இதைச் சொல்ற அட்வைசர் அபூர்வம், பாண்டை அடைச்சா யாருக்கும் ஃபீஸ் கிடையாது. தவணை நின்னா மாசச் செலவும் இறங்கும்.

ஆனா ரெண்டு எச்சரிக்கை. கணக்கை மூடாதீங்க. மூடினா பத்திரம் ரத்து பண்ண வக்கீல் செலவு, திரும்பக் கடன் கேட்டா வேலை இல்லாதவருக்குக் கிடைக்காது. சின்ன பாக்கி வச்சு, திரும்ப எடுக்கிற வசதியோட திறந்தே வையுங்க. ரெண்டாவது, அந்த வசதியையே நம்பி அவசரப் பணத்தையும் அங்க போட்டுடாதீங்க. வேலை போனது தெரிஞ்சா வங்கி அந்த வசதியை நிறுத்தலாம்.

அவசரப் பணம் எவ்வளவு? 14,000-ல அம்மா சம்பளம் 6,000 போனா மாசம் 8,000 துண்டு விழுது. ஒரு வருஷத்துக்கு 96,000. இதைத் தனியா, ஒரு நாள்ல எடுக்கிற மாதிரி வங்கிக் கணக்குல வையுங்க. 2024 ஏப்ரல்ல இருந்து ஒரு வங்கிக்கு ஒரு ஆளுக்கு 1,00,000 வரைக்கும் வைப்புக் காப்பீடு இருக்கு, அதுக்குள்ள அடங்குது. மனி மார்க்கெட் யூனிட் டிரஸ்ட் வங்கிக் கணக்கு மாதிரியே தெரியும், ஆனா இந்தக் காப்பீடு அதுக்குக் கிடையாது. 2014-ல ஆப்பிரிக்கன் பேங்க் கவிழ்ந்தப்போ அதோட பத்திரங்களை வச்சிருந்த சில மனி மார்க்கெட் ஃபண்டுகள்ல முதலே கொஞ்சம் குறைஞ்சது. ரொம்ப இல்லை, ஆனா குறைஞ்சது.

96,000-மும் 1,40,000-மும் போனா மிச்சம் 24,000. அதை அம்மா பேர்லயோ அப்பா பேர்லயோ வரிவிலக்குக் கணக்குல, டிஎஃப்எஸ்ஏ-ல போடலாம். இது நீங்களே செய்யலாம், அட்வைசர் தேவையே இல்லை. 2025/26 வரி ஆண்டுல வரம்பு ஆளுக்கு 36,000, ஆயுளுக்கு 5,00,000. வரி ஆண்டு பிப்ரவரி கடைசியில முடியுது. தைப்பூசக் காவடி முடிஞ்ச கையோட பார்த்துடுங்க, கடைசி நாள்ல இஎஃப்டி (வங்கி இணையப் பரிமாற்றம்) அனுப்பினா அடுத்த ஆண்டுக் கணக்குல விழுந்துடும். அந்த ஆண்டுல ரெண்டு நிறுவனத்துல கணக்கு வச்சு மொத்தம் 40,000 போயிட்டா, அதிகமான 4,000-க்கு 40% அபராதம், 1,600 ராண்ட். அதுல இருந்து எடுத்துத் திரும்பப் போட்டாலும் அது புதுசாப் போட்ட கணக்குதான். நிறுவனம் மாத்தணும்னா பணத்தை வெளிய எடுக்காம டிரான்ஸ்ஃபர் படிவம் போடுங்க.

இன்னொண்ணு, யாரும் கேட்காததால நானே சொல்றேன். கம்பெனி மெடிக்கல் எய்ட், அதான் மருத்துவக் காப்பீடு, என்னாச்சு? 35 வயசுக்கு மேல மூணு மாசத்துக்கு அதிகமா இடைவெளி விட்டா, திரும்பச் சேரும்போது சந்தாவோட தாமத அபராதம் ஒட்டிக்கும், காத்திருப்புக் காலமும் வரும். சின்ன பிளானாவது எடுத்துத் தொடருங்க. கம்பெனி குரூப் லைஃப் காப்பீடும் வேலையோட போயிடும். மருத்துவப் பரிசோதனை இல்லாம சொந்தப் பேருக்கு மாத்திக்கிற வசதி இருக்கான்னு எச்.ஆர்-ல உடனே கேளுங்க, அதுக்கு நாள் கெடு இருக்கும். வேலை இல்லாதவங்களுக்கான அரசுக் காப்பீடு யூஐஎஃப்-க்கும் விண்ணப்பம் போடுங்க.

பிரிட்டோரியா_செந்தில்

மேலே இருவரும் சொன்ன எண்களில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அட்வைசர் எதற்கும் உதவமாட்டார் என்ற தொனிக்குத்தான் மாற்றுக் கருத்து. கட்டணக் கணக்கு, பணம் போட்டவர் 12 ஆண்டும் அசையாமல் இருப்பார் என்று எடுத்துக்கொள்கிறது. 2020 பிப்ரவரி பிற்பாதியிலிருந்து மார்ச் நடுப்பகுதிக்குள் ஜோஹன்னஸ்பர்க் பங்குச் சந்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மார்ச்சில் பயந்து ரொக்கத்துக்கு மாற்றி, எல்லாம் சரியான பிறகு திரும்ப வந்தவருக்குப் போன பணம், பத்தாண்டுக் கட்டணத்தைவிட அதிகம். மல்லி, 12 லட்சம் ஒரு மாதத்தில் 9 லட்சம் ஆனால் அப்பா என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. ‘இப்பவே எடு’ என்பார் என்றால், அவரைப் பிடித்து உட்கார வைக்கும் ஒருவருக்குக் காசு கொடுப்பது வீணல்ல. அந்த ஆள் மகளாக இருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. நஷ்டம் வந்தால் வீட்டில் யார் முகத்தைப் பார்ப்பார்கள் என்பதையும் யோசியுங்கள்.

நாமே செய்யும்போது என்னென்ன தவறுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். பணத்தைத் தளத்துக்கு அனுப்பிவிட்டு வாங்க மறப்பது முதலிடம்: மாதக்கணக்கில் ரொக்கமாகவே கிடக்கும். போன ஆண்டு முதலிடம் வந்த ஃபண்டுக்கு ஓடுவது இரண்டாவது. பிறகு, தெரிந்த ஒரு கம்பெனியின் பங்கில் மொத்தமாக இறங்குவது. 2017 டிசம்பரில் ஸ்டைன்ஹாஃப் பங்கு சில நாட்களில் எண்பது சதவீதத்துக்கு மேல் விழுந்தபோது அது ஜோஹன்னஸ்பர்க் சந்தையின் டாப் 40 பட்டியலில் இருந்த கம்பெனி. பட்டியல் முழுவதையும் வைத்திருந்த இடிஎஃப்காரருக்கு அது ஒரு கீறல், அதை மட்டும் வைத்திருந்தவருக்கு எலும்பு முறிவு.

அதைவிட மோசம் வாட்ஸப் குழுவில் வரும் ‘மாதம் பத்து சதவீதம்’. ஆட்குறைப்புப் பணம் கைக்கு வந்தது ஊருக்குத் தெரிந்தால் உறவுக்காரரே இதைக் கொண்டுவருவார். மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் பிட்காயின் திட்டத்தில் சேர்ந்தவர்களில் பலர் தெரிந்தவர் சொல்லிச் சேர்ந்தவர்களே. 2023-இல் மேற்கு கேப் உயர் நீதிமன்றம் அதைச் சட்டவிரோதத் திட்டம் என்று அறிவித்தது. அட்வைசருக்கு 1% கொடுத்து இதில் விழாமல் இருந்தால் அந்த 1% மலிவு.

என் கருத்து: ஆள் வேண்டும், சதவீதம் வேண்டாம். மணிக்கணக்கில் அல்லது ஒரு திட்டத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் சிஎஃப்பி பட்டம் பெற்ற திட்டமிடுநர்கள் இங்கே இருக்கிறார்கள். மணிக்கு 1,800 கேட்டு எட்டு மணி நேரம் எடுக்கிறார் என்று வையுங்கள். வாட்டோடு 16,560. உங்கள் அட்வைசரின் ஆண்டு 1.15% மட்டும் 13,800, அதுவும் ஒவ்வோர் ஆண்டும். இவருக்கு இப்போது ஒரு முறை, அப்பா ஓய்வு பெறும்போது ஒரு முறை.

டோங்காட்_மல்லி

எல்லாருக்கும் மிக்க நன்றி. எண்டோமென்ட் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். எச்.ஆர்-இடம் டைரக்டிவ் படிவத்தின் நகல் கேட்டிருக்கிறேன். செந்தில் அண்ணா சொன்ன மாதிரி மணிக்கணக்கில் வாங்கும் ஆளைப் பார்க்கலாம் என்று அப்பாவும் ஒத்துக்கொண்டார். இரண்டு சந்தேகம். ஒருவர் நம்பத் தகுந்தவர் என்று எப்படிச் சரிபார்ப்பது? அப்புறம், ஓய்வு பெறும்போது ஒரு முறை என்றீர்களே, அப்போது அப்படி என்ன சிக்கல்?

லெனேசியா_கணக்கர்

பாண்டு விஷயத்தில் மெரிபேங்க் அக்காவுக்கு ஒரு கும்பிடு.

சரிபார்ப்பது கடினமில்லை. ஆலோசனை சொல்லும் எவருக்கும் நிதி ஆலோசகர்களுக்கான ஃபெய்ஸ் சட்டப்படி உரிமம் வேண்டும். அவருடைய எஃப்எஸ்பி எண்ணை, அதாவது உரிம எண்ணை, கேட்டு வாங்கி, நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்எஸ்சிஏ இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். அவர் அனுப்பும் இணைப்பைத் தொடாதீர்கள். நிறுவனத்துக்கு உரிமம் இருப்பது மட்டும் போதாது. இந்த ஆள் அதன் பிரதிநிதியாகப் பட்டியலில் இருக்கிறாரா, எந்தப் பொருள்களுக்கு அனுமதி, ‘மேற்பார்வையின்கீழ்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். மேற்பார்வையின்கீழ் என்றால் புதியவர். குற்றமில்லை, ஆனால் அவரை மேற்பார்வை செய்பவர் யார் என்று கேட்கலாம். தடை செய்யப்பட்டவர்களின் பட்டியலும் அங்கேயே உண்டு. முதல் வகை உரிமம் உள்ளவர் உங்கள் ஒப்புதல் இல்லாமல் ஃபண்டு மாற்ற முடியாது. ‘நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று வெற்றுப் படிவம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பணம் போக வேண்டியது ஃபண்டின் அல்லது தளத்தின் கணக்குக்கு மட்டும். ஆலோசகரின் சொந்தக் கணக்குக்கோ அவர் நிறுவனத்தின் நடப்புக் கணக்குக்கோ முதலீட்டுப் பணம் ஒருபோதும் போகக் கூடாது.

பேசி முடித்ததும் ஆலோசனைப் பதிவு எழுத்தில் தர வேண்டும்: உங்கள் நிலை என்ன, எவற்றையெல்லாம் பரிசீலித்தார், ஏன் இதைச் சொன்னார். இருக்கும் ஒரு முதலீட்டை எடுத்து வேறொன்றில் போடச் சொன்னால் இரண்டின் செலவையும் பலனையும் ஒப்பிட்டுக் காட்டுவது அவருடைய கடமை. வீட்டுக்கு வந்தவர் பெய்ட்-அப் வழியைத் தன் பதிவில் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள், அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஆண்டுக் கட்டணத்துக்கு நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டது போல, எழுத்தில் நிறுத்தவும் செய்யலாம். முதலீடு அப்படியே இருக்கும், கட்டணம் மட்டும் நிற்கும். ஏற்கெனவே 1% கட்டிக்கொண்டு ஆண்டுக்கு ஒரு தீபாவளி வாழ்த்து மட்டும் பெறுபவர்கள் இதைப் படித்தால் நல்லது.

இப்போது ஓய்வுக்காலம். அப்பாவின் ஃபண்டு பிராவிடென்ட் என்பதால், 2021 மார்ச் 1-க்கு முன் சேர்ந்த தொகையையும் அதன் வளர்ச்சியையும் ஓய்வின்போது முழுதாகவே ரொக்கமாக எடுக்கும் உரிமை இருக்கிறது. அதற்குப் பிந்தையதில் பெரும்பகுதிக்கு அன்யூட்டி, அதாவது ஓய்வுக்காலத்தில் தொடர்ந்து பணம் தரும் திட்டம், வாங்க வேண்டும். எவ்வளவு எடுப்பது என்பது வரி அட்டவணையோடு சேர்த்துப் போட வேண்டிய கணக்கு. பெய்ட்-அப் ஆக விட்டாலும் பிரிசர்வேஷனுக்கு மாற்றினாலும் இந்தப் பிரிவுகள் தனித்தனியாகப் பதிவில் தொடர்கின்றனவா என்று அறிக்கையில் பாருங்கள்.

பிறகு எந்த அன்யூட்டி. ஆயுள் அன்யூட்டி என்றால் நிறுவனம் உயிருள்ளவரை மாதப் பணம் தரும், அம்மாவின் ஆயுளையும் சேர்த்துக் கேட்கலாம். ஆனால் ஒருமுறை வாங்கினால் திரும்ப வழியே இல்லை. லிவிங் அன்யூட்டி என்றால் பணம் முதலீட்டிலேயே இருக்கும், ஆண்டுக்கு 2.5% முதல் 17.5% வரை நீங்களே தீர்மானித்து எடுக்கலாம், மிச்சம் வாரிசுக்கு. இங்கேதான் குடும்பங்கள் சறுக்குகின்றன. 12 லட்சத்தில் 5% என்றால் மாதம் 5,000. அது போதாது என்று 8% வைத்தால் மாதம் 8,000, இப்போது துண்டு விழும் அதே தொகை. ஆனால் விலைவாசியோடு அதையும் உயர்த்திக்கொண்டே போனால், மேலே போட்ட 5% வளர்ச்சியே கிடைத்தாலும், செலவும் கழிந்த பிறகு முதல் கரையத் தொடங்கிவிடும். ஓய்வின் முதல் சில ஆண்டுகளில் சந்தையும் விழுந்தால் கரைவது இன்னும் வேகம். லிவிங்கிலிருந்து பின்னால் ஆயுள் அன்யூட்டிக்கு மாறலாம். மறுபக்கம் மாற முடியாது. அதனால் முதலில் லிவிங், எழுபதை நெருங்கும்போது ஒரு பகுதியை ஆயுளுக்கு என்று சிலர் செய்கிறார்கள். எந்த விகிதம் என்பதற்குத்தான் எட்டு மணி நேரக் காசு.

அதுவரை உள்ள ஆண்டுகளுக்கு ஆள் தேவையில்லை. பெய்ட்-அப் செலவு அதிகம் என்று தெரிந்தால் சிக்னியா, டென்எக்ஸ், சாட்ரிக்ஸ் போன்ற குறியீட்டு நிறுவனங்களின் பேலன்ஸ்ட் ஃபண்டுகளின் இஏசியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இவை ஓய்வுநிதிகளின் முதலீட்டு வரம்பைச் சொல்லும் 28-ஆம் ஒழுங்குமுறைக்குள் அடங்கியவை: பங்குகள் 75% வரை, வெளிநாடு 45% வரை. பேலன்ஸ்ட் ஃபண்டு உள்ளுக்குள்ளேயே சமன் செய்துகொள்ளும், நீங்கள் எதையும் விற்று வாங்க வேண்டியதில்லை. ஒரு ஃபண்டு போதும். நான்கு பேலன்ஸ்ட் ஃபண்டு வாங்கினால் நான்கிலும் அதே பெரிய கம்பெனிகள்தான் இருக்கும்.

மெரிபேங்க்_அக்கா

கும்பிடுக்கு நன்றி அண்ணா!

மல்லி, நீங்கதான் எல்லாத்தையும் பார்க்கப் போறீங்கன்னா ரெண்டு காகிதம். ஃபண்டு மாறினா பழைய வாரிசு நியமனப் படிவம் கூட வராது, புதுசா எழுதணும். எழுதினாலும் ஓய்வு நிதியில கடைசி முடிவு டிரஸ்டிகளோடதுதான், 37சி பிரிவுப்படி யார் யார் அப்பாவை நம்பி இருந்தாங்கன்னு அவங்க விசாரிச்சுத்தான் பிரிப்பாங்க. உயில்ல எழுதினது இந்தப் பணத்தைக் கட்டுப்படுத்தாது. டிஎஃப்எஸ்ஏ பணமோ பெரும்பாலும் உயில் வழியாத்தான் போகும், அதனால உயிலும் வேணும்.

அப்பாவோட பாஸ்வேர்டையும் ஓடிபி-யையும் வாங்கி நீங்க உள்ளே போறது வேண்டாம். ஒரு தகராறு வந்தா அது உங்க தலையில விடியும். அவரே பக்கத்துல உட்கார்ந்து அழுத்தட்டும். பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வச்சா எந்தக் காலத்துக்கும் போதும்னு நம்ம ஆளுங்க நினைக்கிறாங்க. இந்த நாட்டுச் சட்டத்துல, கொடுத்தவருக்கு நினைவு தப்பிட்டா அது செல்லாது. அந்த நிலைமைக்கு என்ன ஏற்பாடுன்னு அந்தத் திட்டமிடுநர்கிட்ட எட்டு மணி நேரத்துக்குள்ளயே கேட்டுடுங்க.

பிரிட்டோரியா_செந்தில்

ஒரு சிறு சேர்க்கை. யாரிடம் போனாலும், ஆலோசனை தவறாகி நஷ்டம் வந்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். ஆறு வாரத்தில் தீராவிட்டால், இத்தகைய புகார்களை விசாரிக்கும் ஃபெய்ஸ் ஓம்பட் அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் சந்தை விழுந்தது மட்டும் புகார் ஆகாது. பொருத்தமில்லாததைச் சொன்னார், செலவை மறைத்தார் என்று காட்ட வேண்டும். அதற்கு அந்த ஆலோசனைப் பதிவும், வாட்ஸப்பில் சொன்னதை மின்னஞ்சலில் திரும்பக் கேட்டு வாங்கியதும்தான் கையில் இருக்கும். தொலைபேசியில் பேசினால் அன்றைக்கே ‘நீங்கள் சொன்னது இதுதானே’ என்று நான்கு வரி அனுப்பிவிடுங்கள்.